ரெண்டாவது அளவு

குண்டூசி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று கடையில் யாருக்கும் ஞாபகமில்லை. எப்போது பார்த்தாலும் உதட்டோரம் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள், அதனால் வந்த பெயர். பேசுவது, சிரிப்பது, சண்டை போடுவது எல்லாமே ஊசியோடுதான். பத்தொன்பது வருஷமாக ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. "விழுங்கினாலும் எங்க அண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, அந்த ஊசிதான் பாவம்" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அவளுடைய நாத்தனார்.

அது ஆண்களுக்குக் கோட்டு சூட்டு தைக்கிற கடை. சும்மா கடை இல்லை, பெரிய மனுஷர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற கடை. முன்னறையில் கால் புதையும் கம்பளம், இரண்டு தோல் நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, அலமாரி நிறைய கறுப்பும் சாம்பலுமாகத் துணி. நடுவில் ஒரு தடித்த பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் டியூப்லைட்டும், நீள மேஜையும், இஸ்திரிப் பெட்டி விடுகிற ஆவியும், ஏழு பேரும். இந்த ஏழு பேரில் ஒருத்தரும் திரையைத் தாண்டக் கூடாது. வருகிறவர்களிடம் முதலாளி சொல்வது ஒரே வசனம்தான்: "எல்லாம் எங்க மாஸ்டர் கையால தைச்சது சார்."

மாஸ்டர் ஊசியைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அது வேறு கதை. அவர் அளவு எடுப்பார், துணி வெட்டுவார், அவ்வளவுதான். அதிலே கெட்டிக்காரர், இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் முதலாளியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி என்பதால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நாலு கொம்பு கூடுதலாக முளைத்திருந்தது. மச்சான் சொன்னால் முதலாளிக்கு வேதவாக்கு. கடைக்கு ஒரு பெருமை வேறு இருந்தது. ஒருத்தரை ஒரு தடவைதான் அளப்பார்கள். ரெண்டாம் தடவை இஞ்சி டேப்பைக் கையில் எடுத்தால் முதல் தடவை தப்பாகிவிட்டது என்று அர்த்தமாம், அந்த அவமானம் இந்தக் கடைக்கு வந்ததே இல்லையாம்.

அன்று காலை பத்தரை மணிக்குக் கப்பல் கம்பெனிக்காரர் வந்திருந்தார். கோட்டை முதல் தடவை போட்டுப் பார்க்கிற நாள். இந்தக் கட்டத்தில் கோட்டுக்கு லைனிங் கிடையாது. கையெல்லாம் வெள்ளை நூலில் ஓட்டு ஓட்டாகத்தான் பிடித்திருக்கும். உள்ளே நெஞ்சுப் பக்கம் குதிரைமுடி கலந்த கேன்வாஸ் துணி, அதன்மேல் பொடிப்பொடியாகக் கைத்தையல், ஆயிரக்கணக்கில். அதுதான் கோட்டை நெஞ்சில் நிமிர்த்தி நிறுத்துவது. பிறகு லைனிங் போட்டு மூடிவிடுவார்கள், போட்டுக்கொள்கிறவர் அதைச் சாகும்வரை பார்க்கப்போவதில்லை. அத்தனையும் குண்டூசியின் கை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கப்பல் கம்பெனிக்காரரின் கரகரத்த குரல் கேட்டது. "என்னய்யா இது? யாரோ காலரைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுக்கிற மாதிரி இருக்கு. ஒரு தோள்ல இறுக்குது, இன்னொரு தோள்ல தொளதொளங்குது."

மாஸ்டர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தையல் இழுத்திருக்கு சார். வெட்டு சரியாத்தான் இருக்கு. உள்ள ஒரு பொம்பளைதான் தைச்சா. வயசாகுது பாருங்க, கை முன்ன மாதிரி இல்ல."

கேட்டீர்களா அநியாயத்தை! எல்லாம் மாஸ்டர் கையால் தைத்தது என்ற பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை. வயசாகுதாம்! குண்டூசி மாஸ்டரைவிட ஆறு வயது சின்னவள். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. நாத்தனார் அவள் தொடையை மேஜைக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், இல்லையென்றால் அப்போதே எழுந்து போயிருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி கோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். "சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வர்றார். நீயே வந்து, 'என் கை தப்பு சார், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிடு. நாளையிலேர்ந்து நீ பேண்ட்டுக்கு அடி மடிக்கிற பக்கம் உக்காரு. கோட்டு வேற ஆள் பாக்கட்டும்."

"முதலாளி, நான்..."

"பேசாத. நாலு மணிக்கு." போய்விட்டார்.

கோட்டு இல்லை என்றால் அவள் யார்? சொல்லப்போனால் அவளுக்கே அது தெரியாது. கல்யாணம் ஆகி வந்த மறு மாசம் இந்த மேஜையில் உட்கார்ந்தவள். பிள்ளை பிறந்தபோது மூன்று மாசம் தவிர எழுந்ததில்லை. காலையில் வந்த கோபம் போய், இப்போது அவளுக்குப் பயம்தான் வந்தது. நிஜமாகவே கை போய்விட்டதோ? கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தையல் தையலாக விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூட இழுக்கவில்லை. கோட்டு மாட்டிப் பார்க்கிற பொம்மைக்குப் போட்டு, அளவுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாஸ்டர் அளந்து சொல்லச் சொல்ல முதலாளி எழுதிய சீட்டு. 'வலது தோள் அரை அங்குலம் இறக்கம்' என்று இருந்தது. கோட்டிலும் வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. நூல் பிசகவில்லை.

அப்போ கை சரி. அப்போ சீட்டு?

நேரே வெட்டு மேஜைக்குப் போனாள். "மாஸ்டர், அந்த சாருக்கு இறங்கியிருக்கிறது எந்தத் தோள்?"

"சீட்டுல எழுதியிருக்குல்ல?"

"சீட்டுல எழுதினது தெரியுது. அவர் உடம்புல எந்தத் தோள்?"

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "முப்பது வருஷமா அளக்கிறேன். நீ எனக்கு உடம்பு சொல்லித் தர்றியா? போய் மன்னிப்புக்கு மனப்பாடம் பண்ணு, போ."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. தான் தப்பே செய்யமாட்டோம் என்று மனுஷர் மனசார நம்பினார்.

குண்டூசி திரும்பிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இஸ்திரிக்காரர் ஆவிக்கு நடுவிலிருந்து கேட்டார். "சீட்டுல தேதி என்னம்மா போட்டிருக்கு?" சொன்னாள். "அட, அன்னிக்குக் கடை திறக்கிறதுக்கு முன்னாடிதான் முன்னறையில இருக்கிற பெரிய கண்ணாடிக்கு ஃப்ரேம் மாத்தணும்னு கழட்டித் தச்சர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். மறுநாள்தான் வந்துச்சு. முதுகு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் நான் பட்ட பாடு மறக்குமா?"

அவளுக்குப் பொறி தட்டியது. மாஸ்டர் எப்போதும் ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்த்துத்தான் தோளை அளப்பார். திரை இடுக்கு வழியாக அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பின்னால் நின்றால் அவர் வலது பக்கம் எதுவோ அதுவேதான் ஆளுக்கும் வலது பக்கம். முப்பது வருஷப் பழக்கம். அன்று கண்ணாடி இல்லை. எதிரே வந்து நின்று பார்த்திருக்கிறார், வாய் மட்டும் பழைய பழக்கத்திலேயே பேசியிருக்கிறது.

"அண்ணே, எனக்கு எதிர்ல வந்து நில்லுங்க" என்றாள். இஸ்திரிக்காரர் நின்றார். நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அண்ணனோட வலது தோளைத் தொடுடி. யோசிக்காத, சட்டுனு."

நாத்தனார் தன் வலது கைக்கு நேராக இருந்த தோளைத் தட்டினாள். தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, இது அவர் இடதுல்ல!"

"அதேதான்" என்றாள் குண்டூசி.

முதலாளியிடம் ஓடினாள். சொன்னாள். இன்னொரு தடவை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். அவர் ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி முகத்தைச் சுளித்தார். "ரெண்டாவது அளவா? இந்தக் கடையிலயா? உன் வேலையக் காப்பாத்திக்க என் மானத்தை வாங்குவியா? நாலு மணிக்கு வந்து மன்னிப்பு கேளு. முடியாதுன்னா வீட்டுக்குப் போ."

உள்ளே வந்ததும் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரே ஒரு வார்த்தை அண்ணி. சொல்லிட்டு வந்துடுங்க. வாய் என்ன தேஞ்சா போகும்?"

"வாய் தேயாதுடி. நாளைக்கு ஊசி எடுக்கிறப்போ இந்தக் கை என்னைக் காறித் துப்பும்."

நாத்தனார் தன் காஜாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

நாலு மணி அடிக்கும்போது கப்பல் கம்பெனிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம். பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு குண்டூசி வந்தாள், விலக்கியதை மூடவில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவைத் தோளில் செருகினாள். கையில் கோட்டு. உள்பக்கத்தை வெளியே புரட்டி வைத்திருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் முதலாளி, தேன் தடவிய குரலில்.

"சார், இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க."

"புரட்டி வெச்சிருக்கியேம்மா" என்றார் கப்பல் கம்பெனிக்காரர்.

"தெரியும் சார். அப்படியேதான் போடணும்."

"நான் என்ன கோமாளியா?"

"காலையில நேராப் போட்டது கழுத்தைப் பிடிச்சு இழுத்ததுன்னு சொன்னீங்க. தைச்ச கை கெட்டுப்போச்சுன்னு இவர் சொன்னார். புரட்டிப் போட்டாலும் இழுத்தா, நான் உங்க கால்லகூட விழறேன், இந்த நிமிஷமே வீட்டுக்கும் போயிடறேன். ஒரு நிமிஷம் சார்."

"ஏய்!" என்றார் மாஸ்டர். முதலாளி அவள் கையிலிருந்து கோட்டைப் பிடுங்க வந்தார். ஆனால் பெரிய மனுஷர் எழுந்துவிட்டார். வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது? கையை நீட்டினார்.

போட்டுவிட்டாள். கண்ணாடியில் ஒரு விநோதமான கோட்டு தெரிந்தது. பழுப்புக் கேன்வாஸ், பிசிறு பிசிறாகத் துணி ஓரம், நெஞ்சு முழுக்க மழைத்தூறல் மாதிரி பொடித் தையல். முன்பக்கம் மடிப்பு ஏறுமாறாக நின்றது. ஆனால் காலர் கழுத்தைச் சுற்றி அப்படியே படிந்து உட்கார்ந்தது. ரெண்டு தோளும் சமமாக விழுந்தன. ஒரு சுருக்கம் இல்லை. அவர் கையைத் தூக்கினார், மடக்கினார், திரும்பி முதுகைப் பார்த்தார்.

"இப்ப இழுக்கலையே!"

"இழுக்காது சார். புரட்டினதும் இடம் வலமாயிடுச்சு, வலம் இடமாயிடுச்சு. உங்களுக்கு இறங்கியிருக்கிறது இடது தோள். சீட்டுல எழுதினது வலது தோள். தையல் தப்பா இருந்தா எப்படிப் போட்டாலும் தப்பாத்தான் நிக்கும்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், அந்தப் புது ஃப்ரேமைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது என்று குண்டூசிக்குத் தெரிந்தது.

முதலாளிதான் பூசி மெழுகப் பார்த்தார். "சரி சரி, சின்ன விஷயம். உள்ள கொண்டுபோம்மா, சரி பண்ணிக்கலாம்."

"காலையில இது சின்ன விஷயமா இல்லையே முதலாளி."

கப்பல் கம்பெனிக்காரர் நெஞ்சிலிருந்த தையலை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். "இதெல்லாம் கையால போட்டதா? யார் போட்டது?"

"எங்க மாஸ்டர்தான்..." என்று முதலாளி வாயைத் திறந்தார். பழக்க தோஷம்!

"தப்புன்னு நினைச்சப்போ நான் தைச்சது" என்றாள் குண்டூசி. "சரின்னு தெரிஞ்சதும் மாஸ்டர் தைச்சதா?"

பெரிய மனுஷர் வெடித்துச் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்தும் யாரோ சிரித்தார்கள், இஸ்திரிக்காரராகத்தான் இருக்க வேண்டும். சிரித்து முடித்துவிட்டு அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "சரி, எனக்கு நேரமில்ல. திரும்ப அளந்துடுங்க."

"சார், எங்க கடையில ரெண்டாவது அளவுங்கிற பழக்கம்..."

"உங்க பழக்கத்தை நீங்களே மாட்டிக்குங்க. எனக்குக் கோட்டு வேணும்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பை எடுத்தார். அவர் முன்னால் குண்டூசி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடுங்க மாஸ்டர். நான் அளந்து சொல்றேன், நீங்க எழுதுங்க."

முதலாளி வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். மாஸ்டரும்தான். ஆனால் பெரிய மனுஷர் அதற்குள் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். மாஸ்டர் டேப்பைக் கொடுத்தார். முதலாளியிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

அவள் மார்பளவு சொன்னாள், முதுகு சொன்னாள், கை நீளம் சொன்னாள். இடுப்பிலிருந்து தோள்வரை முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம், நிதானமாக வைத்துப் பார்த்தாள். திறந்து கிடந்த திரைக்குப் பின்னால் ஆறு பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

"இடது தோள், அரை அங்குலம் இறக்கம்" என்றாள். "எழுதியாச்சா?"

"ம்."

"வாசிங்க மாஸ்டர்."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் குண்டூசி. "சத்தமா வாசிங்க."