நாலு வயது நிறுவனர்

எங்கள் இரும்புக் கடைக்கு நூறு வயது. அதைக் கொண்டாடப் பெரியப்பா புதுப் பலகைக்கு ஏற்பாடு செய்தார். மேலே கடை தொடங்கிய வருடம், கீழே நிறுவியவர் என்று கொள்ளுத்தாத்தாவின் பெயர். விழா மலருக்காக அவருடைய வரலாற்றைத் தேடி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆணி நிறுக்க லாயக்கில்லாதவனுக்கு வரலாறு போதும் என்பது பெரியப்பாவின் கணக்கு.

கூடவே இன்னொன்றும் முடிவாகியிருந்தது. அப்பா போனதிலிருந்து கல்லாவில் உட்காரும் என் அக்கா, விழாவோடு எழுந்துகொள்ள வேண்டும். பெரியப்பாவின் மகன் உட்காருவான்.

"இந்தக் கடையில பொம்பளை உக்காந்த வரலாறே கிடையாதும்மா. உங்கப்பன் செத்த நேரம், போனாப் போகுதுன்னு விட்டு வச்சேன்."

அக்கா கீல்களை டஜன் டஜனாகக் கட்டிக்கொண்டிருந்தாள், கயிறு அறுந்துவிடும் போல இறுக்கி.

நகராட்சிப் பதிவறையில் தூசி தின்றேன். கடையின் முதல் லைசென்ஸ் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. யார் இவள்? அதே வருடத்துக் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பெண், கைம்பெண், தொழில் இரும்பு வியாபாரம். அவளை அண்டி வாழும் தம்பி, வயது நான்கு. அந்தத் தம்பிதான் எங்கள் கொள்ளுத்தாத்தா! பத்தொன்பது வருடம் அவள் பெயரிலேயே லைசென்ஸ் புதுப்பித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இவர் பெயர். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி தொலைந்தால் மூன்று தலைமுறை பேசும். தம்பியையும் கடையையும் வளர்த்தவளைப் பற்றி ஒரு மூச்சு இல்லை.

நகல்களோடு கடைக்கு ஓடினேன். பெயின்டர் ஏணியில் நின்று பலகையில் கடைசி எழுத்துக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா காகிதங்களை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இது ஒரு விஷயமாடா? வரிக்குப் பயந்து பொம்பளை பேர்ல போட்டிருப்பார். நம்ம வீட்ல யார்தான் போடல? என் குடோனே உங்க பெரியம்மா பேர்லதான் கிடக்கு."

"பெரியப்பா, அப்ப அவருக்கு நாலு வயசு. மூக்கு ஒழுகுற வயசுலயே வரி ஏய்ப்பா?"

தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கடை ஆள் இருமுவது போல் சிரித்தார். பெரியப்பாவின் முகம் கருத்தது.

"சரி, அவர் பேருக்கு மாறின வருஷத்தையே எழுதச் சொல்லு. கடைக்கு எண்பத்தொண்ணுன்னு வச்சுக்கலாம்."

ஒரு போல்ட்டுக்குக்கூட விலை குறைக்காத மனுஷர்! ஒரு பெண்ணின் பெயர் பலகை ஏறக்கூடாது என்பதற்காக, யாரும் பேரம் பேசாமலே பத்தொன்பது வருடத்தைத் தள்ளுபடி செய்தார்.

"சோறு போட்டவளைத் தின்னுட்டு ஏப்பம் விட வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"ஐயா, ஏணில நிக்கிறேன். எந்த வருஷம்?" என்றார் பெயின்டர்.

அக்கா கல்லாவிலிருந்து நிமிர்ந்தாள். "வருஷம் இருக்கிறபடி இருக்கட்டும் அண்ணே. கீழ இருக்கிற பேரை அழிங்க. என் தம்பி ஒரு பேர் சொல்வான், அதை எழுதுங்க."

பெயின்டர் பெரியப்பாவைப் பார்த்தார். கூலி வரும் கல்லாவையும் பார்த்தார். துணியைப் பெயின்ட் அழிக்கும் தின்னரில் நனைத்தார்.

"திங்கக்கிழமை என் பையன் வர்றான்! நீ எப்படி எழுந்திரிக்கலன்னு பாத்துடறேன்!" பெரியப்பாவின் குரல் கிறீச்சிட்டது.

"வரட்டும் பெரியப்பா," என்றாள் அக்கா. "நிக்கறதுக்கு இடம் இருக்கு."