காணும் பொங்கலுக்கு வந்தவர்கள்

இந்த மனிதர் காதைக் குடைவதை நிறுத்தவே மாட்டாரா. குடைவது கூடப் போகட்டும், எடுத்ததை ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்க்காமல் இருக்கலாமே. பார்த்துவிட்டு வேட்டியில் துடைக்காமல் இருக்கலாமே.

பூமயில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கசாமி மச்சான் பெட்டிச் சாவியைக் காதில் விட்டபடி, ஒரு கண்ணை மூடி, சுகமாக வைகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதம். மழைத் தண்ணீர் வடிந்து, ஆறு ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கரையோரமாக ஒதுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் மணல். காணும் பொங்கல் என்று பரமக்குடியே அந்த மணலில் வந்து உட்கார்ந்திருந்தது. கரும்புச் சக்கை, பிள்ளைகளின் கூச்சல், அக்கரை டூரிங் டாக்கீஸ் ஒலிபெருக்கியில் கரகரக்கும் பாட்டு.

அவர்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் இல்லை. ஆனியில் அக்கா ராக்கு பிரசவத்தில் செத்துப்போனாள், பிள்ளையும் தங்கவில்லை. துக்க வருஷத்தில் புதுப்பானை ஏற்றக் கூடாது. ஆனால் நேற்றுத் திருவாடானை பஸ்ஸில் சேதுலட்சுமி அத்தை தன் மகன் தங்கசாமியோடு வந்து இறங்கினாள். ராக்குவுக்கு மாமியார், அய்யாவுக்கு உடன்பிறந்த அக்கா. "பொங்கல்தானே வைக்கக் கூடாது? ஆத்துல போயிக் கட்டுச்சோறு திங்க எவன் என்ன சொல்லப் போறான்?" என்று இன்று அவளே புளியைக் கரைத்துவிட்டாள். அம்மா மட்டும் வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் கிணற்றடியில் அய்யா பூமயிலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அயித்தை இன்னைக்கு ஒன்னைய மச்சானுக்குக் கேப்பா. அக்காளுக்கு வருசம் திரும்புறதுக்குள்ள கலியாணத்த முடிக்கணும், இல்லேன்னா மூணு வருசம் தள்ளிரும்ங்கிறா. எங்கூடப் பெறந்தவ. மூஞ்சியக் காட்டிறாத தாயி."

மச்சான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதே விரலால் மணலில் தாயக் கட்டம் கீறினார்.

"வா மயிலு. ஆகாசத்தப் பாத்துக்கிட்டு இருந்தா பொழுது போயிருமா?"

சோழிகளை உள்ளங்கைகளுக்குள் குலுக்கி, வாயருகே கொண்டுபோய் ஊதினார். வெற்றிலை வாய். சோழிகளின் மேல் சிவப்பாகப் பொடிப்பொடியாகத் தெறித்தது. உருட்டிவிட்டு, அள்ளி அவள் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தன. அவள் அவற்றை மணலில் ஒரு தடவை புரட்டி எடுத்தாள்.

"பாத்தியாம்மா, ஒம் மருமக சோழியக் குளிப்பாட்டுறா."

"ஒன் வேட்டி லெச்சணத்துக்கு அப்படி ஒருத்திதாண்டா வேணும்" என்றாள் அத்தை.

அய்யா சிரித்தார். பூமயிலும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு தன் வாயே தனக்கு அசிங்கமாகப் பட்டது.

அவர் கெட்டவர் இல்லை. அக்காவை ஒரு நாளும் கைநீட்டியதில்லை. அவள் செத்த அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் விடிந்ததும், பழைய சோற்றுக்குக் கருவாடு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். பசித்திருக்கும். பசித்த மனிதன் கேட்கத்தானே செய்வான் என்று பூமயில் எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். சொல்லச் சொல்ல அந்தக் கருவாட்டு வாடைதான் மூக்கில் ஏறியது.

அது மட்டும் என்றால் மறந்துபோயிருக்கும். ராக்கு பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காளும் தங்கையும் இந்த மணலில்தான் ஊற்றுத் தோண்டிக் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் ஊறும் வரைக்கும் அக்கா பேசுவாள். அவர் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாராம். நகத்தைக் கடித்துப் பாயிலேயே துப்புவாராம். விளக்கை அணைத்ததும் முதலில் தன் காலால் அவள் காலைத் தேய்ப்பாராம். "உப்புத்தாள் கணக்கா இருக்கும்டீ" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பூமயிலும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அது அக்கா புருஷனின் கதையாக இருந்தவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் கால் மணலில் அவளுக்கு ஒரு சாண் தள்ளி நீண்டு கிடந்தது. பித்தவெடிப்புகளில் மண் ஏறியிருந்தது. தொடாமலே அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அக்கா ஒன்றும் அறியாமல், ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

இந்த அருவருப்பு இவர்மேல்தானா? அய்யாவும்தான் காது குடைகிறார். அவள் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. ஒருத்தி எழுந்துபோன இடத்தில் சூடு ஆறுமுன் இன்னொருத்தியை உட்கார வைக்கிறார்களே, அதன்மேலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. இரண்டும் ஒரே கசப்பாக நாக்கின் அடியில் ஊறின.

"வெட்டிட்டேன்" என்றார் மச்சான். அவள் காயாக வைத்திருந்த வளையல் துண்டைக் கட்டத்துக்கு வெளியே சுண்டிவிட்டார். "இனிமே தாயம் போட்டுத்தான் உள்ள வரணும்."

"வரலேன்னா?"

"வராம எங்கன போகப் போற?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தையும் அய்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போதும்லே ஆட்டம். கையக் கழுவு" என்று அத்தை தூக்குச் சட்டியைத் திறந்தாள்.

குடிக்க என்று பூமயில் கையால் தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்த ஊற்றில் மச்சான் நேராகக் கையை விட்டார். அள்ளி வாய் கொப்பளித்து அதன் விளிம்பிலேயே துப்பினார். சிவப்பு நூல் நூலாக மணலில் இறங்கி ஊற்றுக்குள் கசிந்தது.

அத்தை இரண்டு இலைதான் விரித்தாள், தம்பிக்கும் மகனுக்கும். அய்யா தலை நிமிராமல் தின்றார். மச்சான் புளிச்சோற்றை உருட்டி உருட்டி வாயில் எறிந்து, முழங்கை வரை வழிந்ததை நக்கிக்கொண்டார். முடிந்ததும் அய்யா தன் இலையை மடித்தார். மச்சானும் மடிக்கப் போனார்.

"நீ மடிக்காதலே" என்றாள் அத்தை.

அவர் பூமயிலைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கை கழுவப் போகிறவர் போல எழுந்து விலகி நின்றார். அத்தை அந்த இலையின் நடுவில் இரண்டு கை சோறு வைத்தாள்.

"உக்காரு தாயி."

அத்தை குடும்பத்தில் பெண்ணிடம் சம்மதமா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த இலையில் உட்காரச் சொல்வார்கள். அவள் ஒரு வாய் எடுத்துவிட்டால் முடிந்தது. பாக்கு மாற்றுவதெல்லாம் ஊருக்காக. ராக்கு அப்படித்தான் உட்கார்ந்தாள். அவர் மீதி வைத்திருந்த முட்டைக் கருவை, எனக்காக வைத்திருக்கிறார் பார் என்று கண்ணாலேயே தங்கைக்குக் காட்டினாள்.

இலையின் ஓரத்தில் சப்பித் துப்பிய கறிவேப்பிலை கிடந்தது. பாதி கடித்த மிளகாய். துவையலை வழித்த நான்கு விரல்களின் தடம் குறுக்கே காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தடத்தின் மேல்தான் அவளுக்கான சோறு இருந்தது. பக்கத்துப் பாயில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"உக்காரும்மா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. அந்தக் குரலுக்கு அவள் இதுவரை எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

பூமயில் உட்கார்ந்தாள். அத்தையின் முகம் மலர்ந்தது. சற்றுத் தள்ளி மச்சான் தொண்டையைக் காறிச் செருமுவது கேட்டது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனைக்கு வாயில் தண்ணீர் ஊறியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்து வாயில வையி தாயி. பசிக்கலையா?"

"பசிக்குது அயித்தை" என்றாள் பூமயில். குரல் அவள் நினைத்ததைவிடத் தாழ்ந்து, தெளிவாக வந்தது. "எனக்கு வேற இலை போடுங்க."