தேர் நாளில் குடிபோனவள்

யமுனாவிடம் ஒரு விலை சொன்னால் பாதிக்குக் கேட்பாள். பாதிக்கு ஒத்துக்கொண்டால், ஏன் ஒத்துக்கொண்டான் என்று சந்தேகப்படுவாள். திருச்சி பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை நடத்துகிறவளுக்கு அந்தச் சந்தேகம்தான் முதல். அது அவளைக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. ஸ்ரீரங்கத்துப் புது வீட்டுக்குச் சாமான் ஏற்ற லாரி பேசியபோது.

லாரிக்காரர் பிச்சமுத்து அவள் கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் படிந்தார். "ஸ்ரீரங்கம் வரைக்கும்தானம்மா? தாராளமா ஏத்திக்கலாம்." யமுனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கணவர் அன்புச்செல்வன், "அன்னிக்கு அங்க..." என்று இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க பேசியிருந்தா லாரியையே விலைக்கு வாங்கியிருப்பீங்க."

வாங்கிய வீடு மேலச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில், முதல் மாடி. முழுக்க அவள் உழைப்பு. அதே ஸ்ரீரங்கத்தில் வெகுகாலமாகச் சொந்த வீட்டுக்காரி அன்புச்செல்வனின் அக்கா வீரம்மாள். சேதி கேட்டதும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வீடு வாங்கிட்ட, சந்தோஷம். பால் காய்ச்சறப்ப உன் பக்கம்னு வந்து நிக்க யாரு இருக்கா? அண்ணனா, தம்பியா?"

உண்மை என்பதால்தான் சுட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் வீரம்மாள் கண்ணெதிரே பால் பொங்கியாக வேண்டும் என்று யமுனா முடிவு கட்டினாள். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கக் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய எவர்சில்வர் கிண்ணம் எடுத்துவைத்தாள். ஆள் குறைந்தாலும் கிண்ணம் குறையக் கூடாது.

மூட்டை கட்டியதும் வியாபாரி கட்டுகிற மாதிரிதான். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர், டம்ளருக்குள் துவரம்பருப்பு. காற்றுக்கு லாரி வாடகை கொடுக்க அவள் தயாரில்லை. ரங்கநாதர் படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், பால் காய்ச்சும் பாத்திரம், சின்ன அடுப்பு எல்லாம் ஒரே பெட்டியில். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டிய பெட்டி ஆயிற்றே என்று, அதை முதல் ஆளாகத் தானே லாரியில் ஏற்றினாள். அதன் பிறகுதான் கட்டில், ஃபிரிட்ஜ், பீரோ. பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது அடுத்த குடித்தனக்காரர்களின் மெத்தை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் சாலையில் லாரி நின்றது. எதிரே போலீஸ் தடுப்பு. அதற்கு அப்பால் தலைகள், தலைகள், தலைகள்.

"சித்திரைத் தேரும்மா. வண்டி உள்ள விடமாட்டாங்க," என்றார் பிச்சமுத்து, ஆற அமர.

"பேசறப்ப சொல்றதுக்கென்ன?"

"ஸ்ரீரங்கம் வரைக்கும்னுதானே பேசினோம்? இது ஸ்ரீரங்கம்தானே?"

யமுனா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "அதைத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்." நாள் குறித்த ஜோசியருக்கு ராகுகாலம் தெரியும். டிராஃபிக் தெரியாது.

சரி, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்றால், பெட்டி லாரியின் அடிவயிற்றில் இருந்தது. முதலில் ஏறியது கடைசியில்தானே இறங்கும்? பால் தூக்கைக் கையில் பிடித்தபடி யமுனா தன் புத்தியைத் தானே வைதாள். வேறு வழியில்லை. குடித்தனம் மொத்தமும் சாலையோரம் இறங்கியது.

பெட்டி கைக்கு வந்து நிமிர்ந்தால், சுற்றிலும் கூட்டம். வெயிலில் பளபளத்த பாத்திரங்களைப் பார்த்து, திருவிழாக் கடை என்று நினைத்துவிட்டார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய உப்பிலியபுரத்துப் பெண் ஒருத்தி அண்டாவைத் தட்டிப் பார்த்தாள். "இது என்ன விலை அக்கா?"

"இது கடையில்லம்மா, வீடு," என்றார் அன்புச்செல்வன்.

"வீடு என்ன விலை?" என்றான் அவள் புருஷன்.

கூட்டம் சிரித்தது. யமுனா சிரிக்கவில்லை. எத்தனை கை, எத்தனை தோள் என்று அவள் கண் அளந்துகொண்டிருந்தது. சட்டென்று கட்டில்மேல் ஏறி நின்றாள்.

"விலைக்கு ஒண்ணும் கிடையாது! ஆளுக்கொரு சாமான் தூக்குங்க, எவர்சில்வர் கிண்ணம் இனாம்! மேலச் சித்திரை வீதிப் பக்கம், எப்படியும் நீங்க தேர் பாக்கப் போற வழிதான்!"

மொட்டைப் பெண் ஒரு கிண்ணத்தை வாங்கிச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு குடு."

"அண்டாவுக்கு ரெண்டு. தலகாணிக்கு ஒண்ணு."

அதன் பிறகு தலையணையைச் சீண்ட ஆளில்லை. எல்லோரும் கனமான சாமானாகப் பார்த்துப் பாய்ந்தார்கள். வடம் பிடித்துக் கை சிவந்து, தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஜீயபுரத்து ஆட்கள் பீரோவைத் தோளில் ஏற்றினார்கள். "ரெங்கா! ரெங்கா!" என்று தேருக்குப் போட்ட சத்தத்தையே பீரோவுக்கும் போட்டார்கள்.

போலீஸ்காரர் ஓடிவந்தார். "என்னம்மா இது? வண்டி எதுவும் உள்ள போகக் கூடாது."

"வண்டி எங்க சார் இருக்கு? எல்லாம் காலுதான்."

அவர் ஒரு கணம் யோசித்தார். தடுப்பை நகர்த்தினார். பிறகு அவரே முன்னால் நடந்து, "பீரோவுக்கு வழி விடுங்க" என்று விசில் ஊதத் தொடங்கினார்.

பால் தூக்கும் ரங்கநாதர் படமுமாக யமுனா முதலில் நடந்தாள். பின்னால் பெட்டி, அண்டா, பீரோ, ஃபிரிட்ஜ், தலைமேல் தலையணைகளோடு அன்புச்செல்வன். கடைசியாக, லாரியைப் பூட்டிவிட்டு மிக்சியோடு பிச்சமுத்து. "எனக்கும் உண்டாம்மா?"

"வீடு வரைக்கும் வந்தா உண்டு. இந்தத் தடவை எதுவரைக்கும்னு தெளிவாப் பேசிக்கிட்டோம், சரியா?"

சந்து முனையில் வீரம்மாள் நின்றிருந்தாள். தேர் நாளில் லாரி வராது என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். ஆறுதல் சொல்லத் தயாராக வந்திருந்தாள். சந்து கொள்ளாத கூட்டம் அவளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு மாடியேறியது.

யமுனா வலது காலை எடுத்து வைத்தாள். விளக்கு எரிந்தது. ராகுகாலம் பிறக்குமுன் பால் பொங்கி வழிந்தது. அறையிலும் படியிலும் சந்திலும் நின்றவர்கள் "ரெங்கா!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் புறாக்கள் எழுந்து பறந்தன.

"யாரு யமுனா இவ்வளவு பேரும்?" என்றாள் வீரம்மாள், ஒருவழியாக உள்ளே வந்து.

"எங்க பக்கத்து ஆளுங்க அண்ணி."

"தேர் அன்னிக்குப் போயா நாள் வெச்ச?"

"நாலு பேர் வரணும்ல? அதான் பாத்து வெச்சேன்."

அன்புச்செல்வன் வாயைத் திறந்தார். யமுனா அவர் கையில் சூடான பால் டம்ளரைத் திணித்தாள். வாய் மூடிக்கொண்டது.

கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்தது. மொட்டைப் பெண் இரண்டை எண்ணி வாங்கி, மூன்றாவதற்கு அடிபோட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். சாக்கின் அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வீரம்மாள் அதை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"நல்ல கனமாத்தான் இருக்கு. எனக்கு இல்லையா?"

"தூக்கினவங்களுக்குத்தான் அண்ணி," என்றாள் யமுனா, படு மரியாதையாக. "கீழ வாசல்ல உங்க தம்பி ஒரு தலகாணிய விட்டுட்டு வந்துட்டாரு."

வீரம்மாள் கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.