கட்டாயம் என்று சொன்ன ரைட்டர்

சுரங்க வாசலில் துரை ஒட்டும் இங்கிலீஷ் நோட்டீஸை எங்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வது எட்மண்ட் ரைட்டரின் வேலை. அந்த ஆளை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இங்கிலீஷில் அரை வரி இருக்கும். அவர் தமிழில் பத்து நிமிஷம் மிரட்டுவார்.

அந்த வாரம் அவர் படித்தது இது: “வெடி வச்சப்புறம் ஒரு மணி நேரம் யாரும் உள்ள போகக் கூடாது. கட்டாயம்.”

என் வீட்டுக்காரர் காத்தவராயனின் கேங் காத்துக் கிடந்தால் வேலை பிந்தும். பிந்துகிற கேங்கை மேஸ்திரி கலைத்துவிடுவான். சுரங்கத்தில் வேறொரு ஆழத்து லெவலில் வேலை செய்த இன்பராஜ், ரைட்டரின் மச்சான். எங்களை நிறுத்திவைத்துவிட்டு மச்சான் கேங்கை முந்தவிடத்தான் இத்தனை அக்கறை என்று எனக்குப் பட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மிஷன் பள்ளிக்கூட டீச்சர் ஞானசுந்தரியை இழுத்துக்கொண்டு போய் நோட்டீஸ் முன்னால் நிறுத்தினேன்.

“மஸ்ட்னு போட்டிருந்தா மீறவே கூடாது, தாயம்மா. இதுல ஷுட்னு இருக்குது. காத்திருந்தா நல்லதுன்னு புத்தி சொல்ற மாதிரி.”

“அப்போ கட்டாயம் இல்ல.”

“கட்டாயம்னு எழுதல. ஆனா காரணம் இல்லாம சொல்லுவாங்களா...”

அதற்குமேல் என் காதில் ஏறவில்லை. கள்ளன் பிடிபட்டான் என்று அத்தனை சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னேன்: “அந்த ஆளு பொய் சொல்றாரு. நீங்க தைரியமா போங்க.”

திங்கட்கிழமை அவர் வெடிப்புகை அடங்குமுன்பே, எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனார். புகை அவரைக் கொன்றுவிட்டது. ஆளேற்றி இறக்கும் கேஜில் அவரை மேலே கொண்டுவந்தவன் இன்பராஜ். அவன் கேங்கும் ஒரு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்துதான் இருந்ததாம். கூச்சல் கேட்டு ஓடியிருக்கிறான். என் சந்தேகத்தில் நெருப்பை வைக்க.

“ஷுட்டுன்னு எனக்கும் தெரியும்மா,” என்றார், டீச்சர் படித்துச் சொன்னதைக் கேள்விப்பட்டுத் துக்கம் கேட்க வந்த எட்மண்ட். “அப்படிச் சொன்னா இங்க யாரு நிப்பாங்க?”

மறுநாள் விசாரணை. சொன்னதை மீறிச் செத்தவனின் குடும்பம் கம்பெனி கொடுத்த லைன் வீட்டை அன்றே காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். எனக்கு இரண்டு பிள்ளைகள், போக்கிடம் கிடையாது. துரை கேட்டதை எட்மண்ட் என்னிடம் திருப்பிக் கேட்டார்:

“காத்திருக்கணும்னு உங்களுக்குச் சொன்னாங்களா இல்லையான்னு துரை கேக்கறாரு.”

தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள என்னை மாட்டிவிடப் போகிறார் என்று அப்போதும் நினைத்தேன். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நீங்க கட்டாயம்னுதான் சொன்னீங்க. இல்லன்னு சொல்லி அனுப்பினது நான்.”

எட்மண்ட் துரைப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை முகம் சிவந்து மேஜையைத் தட்டினார்.

“இன்னா சொன்னாரு?” துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற ஞானசுந்தரியைக் கேட்டேன்.

“காத்திருக்கத் தேவையில்லன்னு தப்பாப் படிச்சுக் காட்டினது அவரேதான்னு சொல்லிட்டாரு.”

எனக்கு வீடு மிஞ்சியது. அன்று சாயங்காலமே, வேலையும் வீடும் போன எட்மண்ட், பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போனார். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு முகமில்லை.