ராகு காலம் பார்க்கும் மோட்டார்

என் பெயர் கிருபாசங்கர். வயது முப்பத்து நான்கு. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தேன், சரவணம்பட்டியில் மூன்று வருடம் ஏ.சி. காற்றில் உட்கார்ந்து வேலை பார்த்தேன், பிறகு காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கே திரும்பி வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. வேலையை விட்டுத் தோப்புக்கு வந்தவன் என்றாலே எங்கள் பக்கத்தில் மீதியை எல்லோரும் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

புரோக்கர்கள் எல்லாம் கைவிட்ட பிறகு, இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாண ஆப்பில் பதிவு செய்தேன். பதிவு செய்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. என் நம்பரைப் போட்டால், அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதாம். எப்போதோ கல்லூரி நண்பன் ஒருவன் விளையாட்டாகச் செய்த வேலை. பாஸ்வேர்டு தெரியாது. ஐந்து தடவை தப்பாகப் போட்டதில் கணக்கு பூட்டிக்கொண்டது. சரி, அப்பா அப்புசாமியின் நம்பரைப் போடலாம் என்றால், அதில் என் தங்கை ரித்திகாவுக்கு மாப்பிள்ளை பார்த்த பழைய கணக்கு இருந்தது. அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை எல்.கே.ஜி. போகிறது, ஆப்பைப் பொறுத்தவரை அவள் இன்னும் மணமகள். ஒரே நம்பரில் மணமகளும் மணமகனும் இருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் கண்டித்தது. அம்மாவுக்குத் தனி போன் கிடையாது.

அப்போதுதான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார்.

"மோட்டார் சிம்மு சும்மாதானடா கெடக்குது. அதக் கழட்டிட்டு வந்து போடு. நம்பர் வந்ததும் திருப்பி மாட்டிப்போடலாம்."

எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருப்பார்கள். சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம். வீட்டில் படுத்துக்கொண்டே அந்த நம்பரைக் கூப்பிட்டால், இரண்டு ரிங் போகும், பெட்டி போனை கட் பண்ணும், மோட்டார் ஓடத் தொடங்கும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். அந்த சிம்மைக் கழற்றி வந்தேன், ஓ.டி.பி. வந்தது, பதிவு முடிந்தது, சிம் பெட்டிக்குத் திரும்பியது. தொடர்பு எண் என்ற இடத்தில் ஒழுங்காக என் நம்பரைத்தான் போட்டேன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லவா, அந்த அளவுக்குத் தெரியாதா.

அப்புறம் படம் ஏற்றினேன். எங்கள் காளையோடு நான் நிற்கும் படம். 'படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மணமகன் மட்டும் இருக்கும் படத்தைப் போடவும்' என்று திருப்பி அனுப்பினார்கள். காளையை வெட்டிவிட்டுப் போட்டேன். முகம் தெளிவாக இல்லை என்றார்கள். காளையின் முகத்தில் அந்தக் குறையை அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

இரண்டு வருடம். அறுநூற்றுச் சொச்சம் பேர் என் பக்கத்தைப் பார்த்ததாக ஆப் சொல்லும். ஒரு போன் வந்ததில்லை. வாடிக்கையாளர் சேவையில் மீனா என்று ஒருத்தி உண்டு, ஆள் இல்லை, மென்பொருள். 'யாருமே கூப்பிடவில்லை' என்று எழுதினால், 'உங்கள் மகிழ்ச்சியில் நாங்களும் பங்குகொள்கிறோம்' என்று பதில் வரும். போனைக் கிணற்றில் வீசலாமா என்று தோன்றும்.

போன ஐப்பசியில் மட்டும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கீதா. ஆனைமலைக்காரர், பள்ளிக்கூட டீச்சர், வயது முப்பத்தொன்று. பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் புத்தகம், இசை என்று போட்டிருக்க, அவர் 'தூக்கம்' என்று போட்டிருந்தார். எனக்கு அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிட்டது. விருப்பம் தெரிவித்தேன், ஏற்றுக்கொண்டார். 'உங்க நம்பரப் பாத்துட்டேனுங்க, போன்ல பேசலாம்' என்று எழுதினார். பெண்களின் நம்பர் ஆண்களுக்குத் தெரியாது, அது ஆப்பின் விதி. ஆகவே நான் காத்திருந்தேன். குளிக்கப் போகும்போதும் போனை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன். இரண்டு வாரத்தில் அவர் பக்கம் மூடிக்கிடந்தது. அதற்குள் 'ஏன் கூப்பிடவில்லை' என்று நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரோஷம். இருக்க வேண்டியவனுக்கு இருந்தால் சரி, எனக்கு எதற்கு அது என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கு நடுவே எங்கள் மோட்டாருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. யாரும் போடாமல் தானாக ஓடும். நான் கவனிக்காவிட்டால் கிணறு வற்றி, மோட்டார் காய்ந்து ஓடி, உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் புகைந்துவிடும். இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று. வோல்டேஜ் என்றார் ஒரு மெக்கானிக். இடி என்றார் இன்னொருவர். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அம்மாதான் ஆராய்ச்சியில் இறங்கினாள். மோட்டார் தானாக ஓடிய நாளும் நேரமும் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு நாள் அதை அப்பாவின் முன்னால் விரித்தாள்.

"ஏனுங்க, இதப் பாருங்க. ராகு காலத்துல ஒருக்காக் கூட ஓடல. எமகண்டத்துல ஓடல. ஆடி மாசம் முச்சூடும் கம்முனு கெடந்துச்சு, மார்கழியும் அப்படித்தான். மோட்டாருக்குப் பஞ்சாங்கம் தெரியுமுங்களா?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரும்பாலும் வளர்பிறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை பத்து மணி வாக்கில்.

"அப்ப இது பேயில்ல, சாந்தா. நல்ல நேரம் பாத்து நம்மளக் கெடுக்கறான் எவனோ ஒருத்தன்," என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் இன்ஜினியர் தலையை ஆட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பஸ் ஏறி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனாள். அங்கே கல்லில் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசினால், நமக்குக் கெடுதல் செய்தவனை ஆத்தா பார்த்துக்கொள்வாள். 'என்ற பையன் மோட்டாரப் போடறவன் எவனா இருந்தாலும், அவன் ஊட்ல ஒரு நல்லது நடக்கப்படாது' என்று வேண்டிக்கொண்டு, நன்றாக மை போல அரைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். கை எரிகிறது என்று ராத்திரி முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டார்ட்டர் விற்ற கடைக்காரர் ஜாவித்தைக் காங்கேயத்திலிருந்து வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தார். டவர் கிடைக்கிறதா என்று பார்க்க, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டார். மணி பத்தரை இருக்கும். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கமுங்க. அப்புசாமி அண்ணன் ஊடுங்களா? நாங்க அவிநாசில இருந்து பேசறமுங்க. பையன் ஜாதகத்தப் பாத்தமுங்க, பொருந்தி வருது. போன வாரம் கூப்பிட்டம், கட் பண்ணிப்போட்டீங்க..."

ஜாவித் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். அப்பா என்னையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் கூப்புடறமுங்க" என்று மட்டும் சொல்லி ஜாவித் வைத்தார்.

நடந்தது இதுதான். நான் போட்ட தொடர்பு எண்ணை ஆப் எனக்கு மட்டும் அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு ஓ.டி.பி. வந்த எண்ணைத்தான் காட்டியது. பெண் வீட்டுக்காரர்கள் நல்ல நேரம் பார்த்து, ராகு காலம் தள்ளி, ஆடியும் மார்கழியும் விலக்கி, மோட்டாருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மோட்டாரும் மரியாதையில்லாமல் இரண்டாவது ரிங்கில் கட் பண்ணிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேனுங்கண்ணா, பதிஞ்ச நம்பர் கூப்பிட்டா மட்டும் ஓடற மாதிரி பூட்டு வெச்சிக்கலாம்னு," என்றார் ஜாவித். "அப்பாதான் எந்த போன்ல இருந்து கூப்பிட்டாலும் ஓடணும்னு நின்னாரு."

அப்பா தென்னை மரங்களின் உச்சியைப் பார்த்தார்.

பெட்டிக்குள், அதைக் கூப்பிட்ட வெளி எண்களின் பட்டியல் தேதியோடு இருந்தது. ஜாவித் தன் போனில் இறக்கிக் கொடுத்தார். கடன் வேண்டுமா என்று கேட்கும் கும்பலையெல்லாம் கழித்தால் இருபத்து மூன்று வீடுகள் தேறின. அம்மா அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்து மூணு ஊட்ல நம்மளக் கேட்டிருக்காங்களா கண்ணு?" என்றாள். கண்ணில் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ சாமி! நான் சம்மந்தி ஊட்டுக்காரங்களுக்கா மொளகா அரச்சுப்போட்டு வந்தேன்?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டு, உடனே ஆனைமலைக்குப் போய் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு வர வேண்டும் என்று பஸ் நேரம் விசாரித்தாள். அதற்கு மறு மிளகாய் உண்டா என்று அவளுக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். பதினெட்டு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதில் ஒருவர் பேரனின் காதுகுத்துக்கு வரச் சொன்னார். மூன்று பேர், "அவ்வளவு திமிர் புடிச்ச ஊட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்கறதா இல்லீங்க" என்று, அதையும் 'ங்க' போட்டு மரியாதையாகவே சொல்லி வைத்தார்கள். அவிநாசிக்காரர்கள் மட்டும், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள்.

மீதி ஒரு நம்பரை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஏழு அழைப்பு. எல்லாம் ஐப்பசியில். போட்டேன்.

"கீதாங்களா? நான் காங்கேயம் கிருபாசங்கர் பேசறேனுங்க."

"ஏழு தடவ கூப்பிட்டேனுங்க," என்றார். "மூணு தடவ அப்பா. நாலு தடவ நானு. புடிக்கலீன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ரெண்டு ரிங்குல கட் பண்ணுனா என்னங்க அர்த்தம்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிம், பெட்டி, ஓ.டி.பி., அம்மாவின் காலண்டர். மிளகாயையும் மறைக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். நான் நினைத்திருந்ததை விட நல்ல சிரிப்பு. இதைக் கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது.

"எனக்குத் தை மாசம் நிச்சயமாகிப்போச்சுங்க. வைகாசில கல்யாணம்."

"நல்லதுங்க," என்றேன். வேறு என்ன சொல்வது.

"அப்ப நான் கூப்பிட்டப்பெல்லாம் அங்க தண்ணி பாஞ்சுதுங்களா?"

"பாஞ்சுதுங்க."

"நீங்க எங்க இருந்தீங்க அப்ப?"

எனக்குத் தெரியும். ஐப்பசியில் நான்கு நாள் வீட்டிலிருந்து ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினேன். அதில் ஒரு தடவை பெட்டிக்கு முன்னாலேயே நின்றிருந்தேன். பெட்டியின் பச்சை விளக்கு இரண்டு முறை மினுக்கியது, மோட்டார் உறுமியது, நான் அந்தப் பெட்டியைக் காலால் உதைத்து, எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொன்னேன். என் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பக்கத்துலதானுங்க நின்னுட்டிருந்தேன்," என்றேன்.

அவர் வீட்டில் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரிங்க, வெச்சிரட்டுங்களா?" என்றார்.

"வெச்சிருங்க."

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, அவருக்கும் என்னுடையது கேட்டிருக்கும். ஏழு தடவை நான் கட் பண்ணிய மனுஷிக்கு எட்டாவது தடவையும் என் கையால் கட் பண்ண எனக்கு மனசு வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிமிடங்கள் ஓடின. கடைசியில் அவர்தான் வைத்தார்.