வின்னி டக்கெட்டின் காற்று

பதினோராவது வயதிலிருந்து வின்னி டக்கெட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு காற்று நின்றுகொண்டிருந்தது. பெரிய காற்று அல்ல, ஒரு கிண்ணம் சூப்பை ஆற்றும் அளவுதான். அவள் நடந்தால் நடக்கும், உட்கார்ந்தால் உட்காரும். பிரிஸ்டலுக்கு வடக்கே கிங்ஸ்வோல்டில், பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் புரளும் என்பதால், தேவாலயத்தில் அவளுக்குக் கடைசி வரிசை ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் இரண்டாம் வருடம் விமான இன்ஜின் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சோதனைக் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓட, இந்தப் பக்கம் உட்கார்ந்து வெப்ப அளவுகளைக் குறிக்கும் வேலை.

அந்த இன்ஜினில் வட்டமாக முன்னால் ஏழு சிலிண்டர், பின்னால் ஏழு. தண்ணீர் கிடையாது, எதிர்க்காற்றுதான் குளிர்விக்க வேண்டும். முன்வரிசையே காற்றையெல்லாம் வாங்கிக்கொள்ள, பின்வரிசை வெந்துபோகும். அங்கே காற்றைக் கொண்டுபோகும் தகடுகளை வரைந்தவன் செட்ரிக் ஹேய்ன்ஸ். ஏப்ரலுக்குள் இன்ஜின் நூறு மணி நேரம் ஓடிக்காட்டாவிட்டால் அதைக் கைவிடுவோம், அவனை ஸ்காட்லாந்துக்கு மாற்றுவோம் என்று அமைச்சகம் எழுதியிருந்தது. வின்னிக்கு அவனைப் பிடித்திருந்தது. அது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவள் வந்த நாளிலிருந்து இன்ஜின் குளுகுளுவென்று ஓடியது. கேரட் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். பிப்ரவரியில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அவள் வராத மூன்றாம் நாள் பின்வரிசையில் ஒரு சிலிண்டர் உருகி இறுகியது. அவளுடைய காற்று சுவரில் மின்கம்பிகள் போகும் துளை வழியாக இத்தனை நாளும் இன்ஜினிடம் போய்வந்தது அப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லை, நூறு மணிப் பரீட்சை முடியும்வரை உட்கார்ந்திரு, கட்டில் போட்டுத் தருகிறோம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள்.

“உக்காந்தா பாஸாயிடும்,” என்றாள் வின்னி. “அப்புறம் ஒவ்வொரு விமானத்துலயும் என்னையும் ஏத்தி அனுப்புவீங்களா?”

“பைலட்டுங்க வேண்டாம்னா சொல்லப் போறாங்க?” என்றாள் டீ வண்டி தள்ளும் ஐவி.

காற்றின் போக்கைப் பார்க்கக் கம்பளி நூல் ஒட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். கம்பளிக்கோ ரேஷன் கூப்பன் வேண்டும். தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் ஸ்வெட்டர்களையே பிரித்துக் கொடுத்தார்கள். அவள் காற்று எப்படிக் குளிர்விக்கிறது என்று பார்க்க, தலை முதல் கால்வரை பல நிற நூல்களோடு வின்னி கேன்டீன் நடுவில் நின்றாள். நூல்கள் நேராகப் பறக்கவில்லை. காற்று அவள் இடுப்பை இரண்டு பக்கமும் தழுவி வந்து முன்னால் கைகோத்தது. தன் தகடுகள் சிலிண்டரை விட்டு எட்ட நின்றதே தவறு என்று செட்ரிக்குப் புரிந்தது. அளவுகோலோடு நெருங்கி வந்து நூலுக்கும் அவள் இடுப்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தான். இடைவெளியே இல்லை.

“நாலு தடவை அளந்துட்டீங்க சார்,” என்றாள்.

“அஞ்சுதான் வழக்கம்.”

“இது எப்போலேருந்து?”

“இன்னைக்குலேருந்து,” என்றான். அவன் காது சிவந்துவிட்டது.

புதுத் தகடுகள் சிலிண்டரைக் கட்டியணைத்தபடி வந்தன. பரீட்சையின்போது அவள் காற்று உதவியதோ என்ற சந்தேகமே வரக் கூடாதென்று வின்னியை வெஸ்டன் கடற்கரைக்கு அனுப்பிவைத்தார்கள். ஐந்தாம் நாள் செட்ரிக்கின் தந்தி வந்தது: ‘நூறு மணி. குளிர்ச்சி. என்னை ஸ்காட்லாந்து இழந்தது. உடனே வா.’ ரயிலெல்லாம் சிப்பாய்களால் நிரம்பியிருந்தது. அன்று இலைகூட அசையவில்லை. பாய்மரப் படகுக்காரர் ஒருவர் பிரிஸ்டலுக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். வின்னி படகின் பின்பக்கம் உட்கார்ந்தாள், பாய் புடைத்தது. துறைமுகத்தில் செட்ரிக் தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். துறைமுக எழுத்தர் பதிவேட்டில், சரக்கு என்ற இடத்தில் உருளைக்கிழங்கு என்றும், காற்று என்ற இடத்தில் பயணியுடையது என்றும் எழுதிவிட்டு, அடுத்த படகை அழைத்தார்.