தொரையின் இடப்பக்கம்

தொரை தண்ணீருக்குள் மூன்று அடி வைத்தான், நின்றான். தொட்டியின் அடியில் ஓடிக்கொண்டிருந்த நடைப்பட்டை அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவரில் மெல்ல இடித்தது. நான் பட்டையை நிறுத்தினேன். ஆறு வாரமாக இதே கதைதான்.

கால் செயலிழந்த நாய்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர் உடம்பின் பாரத்தை ஏந்திக்கொள்ளும். கால் தன் பழைய ஞாபகத்தைத் தேடும். எந்தப் பிராணியைத் தொடுவதற்கு முன்பும், ‘ஆண்டவனே, என் கைக்குப் பொறுமை கொடு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். என் கெட்டிக்காரத்தனத்தைவிட அந்தப் பொறுமைதான் அதிகம் குணப்படுத்தியிருக்கிறது.

தட்டில் வைத்ததைத் தொடமாட்டான், கையில் ஏந்திக் கொடுத்தால்தான் தின்பான் என்பதால் அவனுக்குத் தொரை என்று பேர் வைத்தவர், அவனை இங்கே கொண்டுவரும் அக்காவின் அண்ணன். கல்யாணம் ஆகாத அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் நடக்கப் போன இடத்தில் வேன் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். தொரைக்கு முதுகெலும்பில் அடி. “காத்தாட நடந்துட்டு வாங்கன்னு நான்தான்மா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிவிட்டேன்” என்று முதல் நாளே அக்கா சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கி வருவார். அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் வெளியே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

இன்று கடைசி நாள். டாக்டர் முன்னால், தரையில் விரித்த ரப்பர் பாயில், பிடிமானம் இல்லாமல் பத்து அடி எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசி. தேய்த்து இழுத்துப் பின்னங்கால் இரண்டும் புண்ணாகிவிட்டன. அவன் அழுகுவதைப் பார்க்கமாட்டேன் என்று அக்காவே தலையாட்டியிருந்தார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வயிற்றுக்குக் கீழே துணி கொடுத்து, இடப்பக்கம் நின்று பிடிக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அங்கே நின்றால் அவன் அடியே எடுத்து வைக்கமாட்டான், லேசாக உறுமுவான். தொட்டிக்குள் தனியாக விட்டால் மூன்று அடி. பிறகு நின்று, இடப்பக்கம் தலையைத் தூக்கி, ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்ப்பான். அந்த இடத்தில் தண்ணீர் எதையோ சுற்றிப் போவதுபோல் சுழிக்கும். தண்ணீர் வரும் குழாயோ வலப்பக்கம் இருந்தது.

“என்ன, தொரைக்கு இன்னிக்காவது மனசு வருமா?” என்று கேட்டுக்கொண்டே டாக்டர் வந்தார். அவர் சிரிப்பில் பயம் இருந்தது. அவரும் நாய் வளர்ப்பவர்.

அவர் பின்னாலேயே அக்காவும் உள்ளே வந்தார், முதன்முறையாக. “கடைசியா ஒருவாட்டி பாத்துடறேன்மா.”

பட்டையை ஓடவிட்டேன். மூன்று அடி. நின்றான். தலை இடப்பக்கம் நிமிர்ந்தது.

“நரம்புல கோளாறு. அதான் விட்டுவிட்டு நடக்கறான்” என்றார் டாக்டர்.

அக்கா கண்ணாடியில் கையை வைத்தார். “இப்படியேவா? மூணு வச்சிட்டு நிக்கறானா?”

“ஆமாக்கா. எவ்வளவோ பாத்துட்டேன், மாத்த முடியல.”

“மாத்தப் பாத்தியா?” அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, பாவமாகப் பார்த்தார். “அண்ணனுக்கு நெஞ்சுல மூச்சு நிக்காதும்மா. இவனுக்கு இடப்பக்கமா மூணு எட்டு வைப்பார், நின்னு மூச்சு வாங்குவார். அவர் கெளம்பற வரைக்கும் இவன் அசையமாட்டான்.”

ஆறு வாரமாக ஒருவர் நிற்கும் இடத்தில் நான் போய் நின்றிருக்கிறேன். அவன் காத்திருந்ததைக் கோளாறு என்று எழுதிவைத்திருக்கிறேன்.

தொரையைச் சொட்டச் சொட்டத் தூக்கிப் பாயில் நிறுத்தினேன். இடப்பக்கம் கிடந்த என் முக்காலியையும் வாளியையும் எடுத்து ஓரமாக வைத்தேன். செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். சுவரோரம் விலகி நின்றேன்.

மூன்று அடி. நின்றான். யாரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் அறையில் இழுத்து இழுத்து வாங்கும் ஒரு மூச்சு கேட்டது. குழாய்ச் சத்தமாக இருக்கலாம். மறுபடி மூன்று. நின்றான். மறுபடி மூன்று. பின்னங்கால்கள் நடுங்கின.

“ஒம்போது” என்றார் டாக்டர்.

தொரை இடப்பக்கம் நிமிர்ந்து பார்த்தபடியே நின்றான். அந்த மூச்சுச் சத்தம் அடங்கவில்லை. அவன் பின்பக்கம் மெல்லத் தாழத் தொடங்கியது.

அக்கா கீழே குனிந்தார். நாயிடம் பேசவில்லை. அதன் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, “அண்ணே, நான்தான் அனுப்பிவச்சேன். நானே கூப்பிடறேன். இன்னும் ஒரே ஒரு எட்டு, வாங்க” என்றார்.

சத்தம் நின்றது. தொரை காலை எடுத்து வைத்தான்.

பிறகு உடம்பை உதறினான். பாய் முழுக்கத் தண்ணீர் தெறித்தது. அவன் இடப்பக்கத்தில் மட்டும், பெரிய ஆளின் செருப்பளவுக்கு, இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தே இருந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஊசி மருந்தைக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினார்.

அக்கா போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொரையின் வலப்பக்கமாக நடந்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர்கள் தாண்டிப் போனார்கள். நடைவழியில் மூன்று அடி வைத்து, இருவருமே நின்று வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.